சோத்துக்கைப் பக்கம் பாருங்க

ரேடியோ அக்கா வாயைத் திறந்தால் துறைமுகத்தில் கட்டிப்போட்ட படகுகளெல்லாம் தாமாகவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கரைக்கு வந்து கதை கேட்கும். சரி, கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. எல்லாப் படகும் வராது. ஒன்றிரண்டு வரும், அதுவும் முடிச்சைச் சரியாகப் போடாத படகாக இருந்தால். ஆனால் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே நின்று கப்பலைத் தவறவிட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஒரு தீவு. நாலு பக்கமும் கடல், நடுவே ஒரு மேடு, மேட்டைச் சுற்றி ஒரு சாலை, சாலை நெடுகத் தென்னை. துறைமுகத்தில் புறப்பட்டுப் பழைய ஆளுநர் மாளிகை, மாலுமிகள் சிறை, கோட்டை, கலங்கரை விளக்கம் என்று போனால் மறுபடியும் துறைமுகமே வந்து நிற்கும். வேறு எங்கும் போக வழியில்லை. அதனால்தான் அதற்குச் சுற்றுலா என்று பெயர் வைத்தார்கள் என்பது அக்காவின் முதல் நகைச்சுவை. வண்டி கிளம்புமுன்பே அதைச் சொல்லிவிடுவாள், சிரிக்கத் தெரியாதவர்கள் இறங்கிக்கொள்ளட்டும் என்று.

வண்டி என்பது பக்கவாட்டில் சுவரில்லாத, மேலே கித்தான் கூரை போட்ட பஸ். முன்னால் ஓட்டுநர் இருக்கை. அதன் முதுகில் சாய்ந்து, பயணிகளைப் பார்த்தபடி, மைக்கும் கையுமாக அக்கா நிற்பாள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி அவள் வீட்டுக்காரர். இருவரும் இத்தனை வருஷமும் முதுகோடு முதுகு சாய்ந்துதான் பிழைத்தார்கள். "முகம் பாத்தாத்தானே சண்டை வரும், இவங்களுக்கு அந்தக் கவலையே இல்ல" என்பாள் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார்.

பயணிகளைப் பார்த்து நிற்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு இடது என்றால் அவளுக்கு வலது. ஆரம்பத்தில் வலது, இடது என்று சொல்லிப் பார்த்தாள். பாதிப் பேர் இங்கேயும் பாதிப் பேர் அங்கேயும் திரும்பிக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டார்கள். பிறகு ஒரே வழக்கமாக வைத்துக்கொண்டாள். வலக்கையைத் தூக்குவாள், "என் சோத்துக்கைப் பக்கம் பாருங்க" என்பாள். தூக்கிய கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எல்லாத் தலையும் திரும்பும். சோற்றுக்கை எது என்பதில் பட்டம் வாங்கியவருக்கும் சந்தேகம் வராது, பள்ளிக்கூடமே பார்க்காதவருக்கும் வராது. அடுத்த பக்கம் என்றால் நொட்டாங்கை. அவ்வளவுதான் விஷயம். மொத்த வண்டியிலும் அந்தக் கையைப் பார்க்காமல் வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்க வைக்கும்படி அவரும் நடந்துகொண்டதில்லை. பக்கத்துத் தீவில் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தவர். அப்போது அக்கா டெலிபோன் நிலையத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, இந்த ஓட்டையில் இருக்கும் கம்பியை அந்த ஓட்டையில் செருகிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு உதிரி பாகத்துக்காகக் கடையின் எண் கேட்டுக் கூப்பிட்டார். அக்கா எண்ணைத் தவிர மற்றதெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாளும் கூப்பிட்டார். எண் கேட்டுக் கூப்பிட்டவர் அந்த மழைக்காலம் முடிவதற்குள் பெண் கேட்டு வந்துவிட்டார். உதிரி பாகம் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு டெலிபோன் நிலையத்துக்கு ஒரு பெட்டி வந்தது. பீரோ அளவில் இருந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் தானே இணைப்புக் கொடுக்கும் என்றார்கள். அக்காவுக்கு ஒரு மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் பேச ஆளில்லாமல் குழாயோடும் குக்கரோடும் பேசினாள். குக்கராவது பதில் விசில் கொடுத்தது. ஒருநாள் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், வண்டியில் ஒரு பயணி கோட்டையைப் பார்த்து "இது என்ன தண்ணித் தொட்டியா?" என்று கேட்டதைப் பொறுக்க மாட்டாமல் ஏறி நின்று பேச ஆரம்பித்தாள். சாப்பாட்டுத் தூக்கு ஆறிப்போயிற்று. மறுநாள் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அதை அவள் கீழே வைக்கவே இல்லை.

இப்போது இரண்டாவது பெட்டி வந்து சேர்ந்தது.

"அண்ணி, புது மேலாளர் பெட்டி ஒண்ணு கொண்டு வந்திருக்கார்" என்று நாத்தனார் ஜன்னலுக்குள்ளிருந்தே சேதி சொன்னாள். "பட்டனைத் தட்டினா அதுவே ஊர்க்கதை எல்லாம் சொல்லுமாம். லீவு கேக்காதாம். குறுக்கே யார் பேசினாலும் கோவிச்சுக்காதாம்."

"கோவம் இல்லாத பேச்சு என்னடி பேச்சு. உப்பில்லாத கஞ்சி."

"அதை அவர்கிட்ட சொல்லுங்க. இதோ வரார்."

மேலாளர் மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கழுத்துப்பட்டை கட்டியிருந்தார், இந்தத் தீவு வெயிலில் அதைக் கட்டுபவர்கள் பாங்க் அதிகாரிகளும் புதிதாக வந்தவர்களும் மட்டுமே. நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அக்கா பேசியே விரட்டியிருப்பாள்.

"நாளைக்கு மதியம் நானும் வண்டியில வரேன்ம்மா" என்றார். "போறப்ப நீங்க பேசுங்க, திரும்பறப்ப பெட்டி பேசட்டும். எது வேணும்னு ஜனங்களே சொல்லட்டும். நான் எதையும் தீர்மானம் பண்ணிட்டு வரல."

தீர்மானம் பண்ணாமல் யாராவது பெட்டியைச் சுமந்துகொண்டு கடல் தாண்டுவார்களா? அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பீரோ அளவுப் பெட்டியிடம் தோற்றது போதும், இந்தச் சோப்பு டப்பாவிடமும் தோற்பதா என்று ரோஷம் வந்தது. ரோஷத்துக்கு இடம் பொருள் ஏவல் கிடையாது. அன்று மாலைக் கடைசிச் சுற்றில், ஆளுநர் மனைவியின் பியானோ கதையின் உச்சக் கட்டத்தில், துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. வழக்கமாக அவள் நிறுத்திக்கொள்வாள். அன்று நிறுத்தவில்லை. கப்பலும் நிறுத்தவில்லை. அவள் ஏற்றினாள், கப்பலும் ஏற்றியது. பயணிகள் காதைப் பொத்திக்கொண்டு யார் ஜெயிப்பார்கள் என்று பார்த்தார்கள். கடைசியில் கப்பல் ஜெயித்தது. அதற்கு நீராவி இருக்கிறது.

மறுநாள் காலையில் அக்கா வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். மிளகைக் கடித்தாள். தேன் சாப்பிட்டாள். இத்தனைக்கும் பலன், காலிப் பற்பசை டியூபை அமுக்கினால் வருமே, அப்படி ஒரு "ஹ்".

"எங்க அண்ணன் இன்னைக்குத்தான் காப்பியை முழுசா குடிச்சாரு" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே சண்டைக்கான அறிகுறியே இல்லை, கண் மட்டும் நிரம்பியிருந்தது. நாத்தனார் டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "சரி விடுங்க அண்ணி. குரல்தானே போச்சு, ஆள் போகலியே. வழி ஒண்ணு இல்லாமலா போகும்."

வழி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அது சட்டென்று விளங்கியது. இத்தனை வருஷம், தினமும், ஒரு சொல் விடாமல் பிடரியால் கேட்டவர். அந்தப் பிடரியில் ஊர்ச் சரித்திரம் முழுவதும் பதிந்திருக்கும். அவள் போய் மைக்கை அவர் சட்டைப் பையில் செருகினாள். அவர் குனிந்து மைக்கைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நானா?" என்றார். அந்த வாரத்துக்கு உண்டான பேச்சு அதிலேயே செலவாகிவிட்டதுபோல் மூச்சு வாங்கினார்.

மேலாளர் ஒப்புக்கொண்டார். "யார் வாயால வந்தா என்ன, உங்க பேச்சுதானேம்மா" என்றார். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

வண்டி கிளம்பியது. முன்வரிசையில் பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஒரு அம்மா; கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு பல் டாக்டர், யார் சிரித்தாலும் பல்லைப் பார்த்துக்கொண்டு. கடைசி வரிசையில், மடியில் பெட்டியோடு, மேலாளர். அக்கா வழக்கமான இடத்தில் நின்றாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

சாலையின் இடப்பக்கத்தில் வெள்ளைத் தூண்களும் வளைவுகளுமாகப் பழைய ஆளுநர் மாளிகை, இப்போது பெண்கள் பள்ளிக்கூடம். வலப்பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலை. அக்கா பள்ளிக்கூடத்தை நோக்கித் தன் வலக்கையைத் தூக்கத் தயாரானாள். மைக்கில் அவள் வீட்டுக்காரர் இருமினார்.

"சோத்துக்கைப் பக்கம் பாருங்க. பழைய ஆளுநர் மாளிகை."

வண்டியில் இருந்த அத்தனை பேரும் தத்தம் சோற்றுக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, வலப்பக்கம் திரும்பினார்கள். அங்கே தகரக் கூரை. ஒரு ஆள் கொக்கியால் ஐஸ் கட்டியை இழுத்துக்கொண்டு போனார். மரத்தூள் பறந்தது.

அக்காவின் கை பாதியில் நின்றது. அவள் கை, அவளுக்கு வலது. அவரோ சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர். அவருடைய சோற்றுக்கை வேறு பக்கம். இத்தனை காலமாக இந்த மனுஷர் அவள் சொன்ன ஊரைத் தலைகீழாக, இல்லை, இடவலமாக மாற்றிக் குடியிருந்திருக்கிறார். ஒரு நாள்கூட ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.

"வாசல் இவ்ளோ சின்னதா இருக்கே" என்றாள் தொப்பி அம்மா. "ஆளுநர் எப்படி உள்ள போனார்?"

"குனிஞ்சுதான்" என்றார் ஓட்டுநர். "அவர் சம்சாரம் வெச்ச வாசல் அது. ஊரெல்லாம் தலை நிமிந்து நடக்கிறவரு வீட்டுக்குள்ள வரப்பவாவது குனியட்டும்னு."

வண்டி குலுங்கச் சிரித்தது. பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "இப்ப ஐஸ் போடறாங்க போலிருக்கே?"

"ஆளுநருக்கு வெயில் ஆகாது. வீட்டைக் குளிர வெச்சே பழக்கிட்டார். அவர் போயும் அந்தக் குளிர் போகல. வீணாப் போவானேன்னு ஐஸ் போட ஆரம்பிச்சாங்க." கொஞ்சம் யோசித்து, "அந்த அம்மாவோட பியானோ உள்ளதான் இருக்கு. கப்பல்ல வந்தப்போ நண்டு பூந்துடுச்சு. இப்பவும் தானா வாசிக்கும். கேளுங்க" என்றார்.

எல்லோரும் மூச்சடக்கிக் கேட்டார்கள். உள்ளே ஐஸ் உடைக்கும் இயந்திரம் டங்கு டங்கென்று வாசித்தது. தொப்பி அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "சோகமா இருக்கு" என்றாள்.

இதையெல்லாம் அவர் அந்தக் கணத்தில் இட்டுக்கட்டவில்லை. அதுதான் அக்காவுக்கு மயக்கம் வரவைத்தது. தினமும் ஓட்டிக்கொண்டே, ஆளுநர் ஏன் இந்தக் குட்டி வாசலில் குடியிருந்தார், பியானோ ஏன் இப்படி அடிக்கிறது என்று தனக்குத்தானே யோசித்து, எல்லாவற்றுக்கும் விடை கண்டுபிடித்து வைத்திருந்தார். கேட்பவர்தான் இல்லை.

அவள் இரண்டு கையையும் வீசி அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டினாள். "ஆளுநருக்கு நீச்சல் தெரியுமாம்" என்று தொப்பி அம்மா மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நீச்சல்லதான் செத்தாராம், பாவம்." ஓட்டுநர் கண்ணாடியில் கை வீச்சைப் பார்த்து, சீக்கிரம் போகச் சொல்கிறாள் என்று வேகத்தைக் கூட்டினார்.

அடுத்த திருப்பத்தில் மாலுமிகள் சிறை வலப்பக்கம், பாங்க் இடப்பக்கம். இனி நடந்ததைச் சொல்ல என்ன இருக்கிறது.

"நொட்டாங்கைப் பக்கம், சிறைச்சாலை. உள்ள போனவங்க லேசில வெளிய வர முடியாது. ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேடணும்."

இரும்புக் கம்பிக் கதவு, துப்பாக்கி பிடித்த காவல்காரர், வாசலில் வியர்த்துக்கொண்டு ஒரு வரிசை. எதிலும் குறை இல்லை. "இன்னமும் ஆளுங்க நிக்கிறாங்களே?" என்று ஒருவர் கேட்டார். "சொந்தக்காரங்க. மனு கொடுக்க வந்திருப்பாங்க" என்றார் ஓட்டுநர். கழுத்துப்பட்டை கட்டிய அதிகாரி ஒருவர் டீ குடிக்க வெளியே வந்தார். "நன்னடத்தைக்காக விட்டிருக்காங்க" என்று தொப்பி அம்மா கண்கலங்கிக் கை அசைத்தாள். பாங்க் அதிகாரிக்கு வாழ்க்கையில் முன்பின் யாரும் கை அசைத்ததில்லை போலும். அவரும் இரண்டு கையாலும் அசைத்தார்.

அக்கா பின்வரிசையைப் பார்த்தாள். மேலாளர் தன் கழுத்துப்பட்டையைச் சத்தமில்லாமல் அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஊர் புதிது. எது மாளிகை, எது பாங்க் என்று அவருக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டியவளுக்கு வாய் இல்லை.

கோட்டை வந்தது. கோட்டைதான் அக்காவின் பொக்கிஷம். எதிரிக் கப்பல் வந்த மதியத்தில் தளபதி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் எதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். தளபதி தலையணை உறையைக் கழற்றி வெள்ளைக்கொடியாக ஏற்றினார். இதைச் சொல்லி, ஒரு நிமிஷம் நிறுத்தி, புருவத்தை உயர்த்தி, "உலகத்துல எல்லாரும் எங்கெங்கயோ கோட்டை விடுவாங்க, இவர் ஒருத்தர்தான் கோட்டைக்குள்ளயே கோட்டை விட்டவர்" என்பாள். அந்தப் புருவத்தைப் பழக்கவே அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

கோட்டைக்கு எதிர்ப்பக்கம் சலவைக்கூடம். உயரமான மதில். மதிலுக்கு மேலே வரிசை வரிசையாகக் கயிறு கட்டி, விடுதிகளின் வெள்ளை விரிப்புகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். "சோத்துக்கைப் பக்கம் கோட்டை" என்றார். கதையைச் சொன்னார். நிறுத்தவும் இல்லை, புருவத்தை உயர்த்தவும் இல்லை. கோட்டை விட்ட கோட்டைப் பேச்சை மளிகைச் சாமான் பட்டியல்போல ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிவிட்டு, மதிலைக் காட்டினார். "அன்னைக்கு ஏத்தினது. இன்னும் இறக்கல. தினமும் துவைச்சுப் போடறாங்க, அவ்வளவுதான்."

அக்காவுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஜனங்கள் இருக்கையைத் தட்டிச் சிரித்தார்கள். சிலர் இறங்கிப்போய் விரிப்புகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சலவைக்கூடத்துக்காரர் கையில் வாளியோடு வெளியே வந்தார்.

"நீங்க எப்ப சரணடைஞ்சீங்க?" என்று பல் டாக்டர் கேட்டார்.

சலவைக்கூடத்துக்காரர் வாளியைக் கீழே வைத்தார். "அது இருக்கும்ங்க ரொம்ப வருஷம். மாமியார் எங்க வீட்டோட வந்து தங்கின அன்னைக்கு."

அப்போதுதான் அக்காவுக்கும் சிரிப்பு பீறிட்டது. சத்தம் வராத சிரிப்பு பொல்லாதது. வெளியே போக வழி தெரியாமல் விலாவைக் குத்தும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வண்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் சொத்து கண்ணெதிரே திருட்டுப்போகிறது, திருடுபவரோ தன் வீட்டுக்காரர், அதற்கு இப்படிச் சிரிப்பா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. மறுபடியும் விரிப்பைப் பார்த்தாள். மறுபடியும் சிரிப்பு வந்தது.

திரும்பும் வழியில் மேலாளர் பெட்டியின் பட்டனைத் தட்டினார். நல்ல குரல்தான். தேனில் தோய்த்த குரல். எங்கோ ஒரு குளிர்சாதன அறையில், இந்தத் தீவைக் கனவிலும் கண்டிராத ஒருவர் படித்தது. இத்தனை நிமிஷத்தில் இந்த இடம் வரும் என்று கணக்குப் போட்டுப் பதிந்திருந்தார்கள். கணக்கில் வாழைத்தார் லாரியைச் சேர்க்கவில்லை.

லாரி சாலையின் குறுக்கே நின்று தார் இறக்கிக்கொண்டிருந்தது. வண்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை.

"இதோ, உங்கள் கண்முன்னே கம்பீரமாக எழுந்து நிற்பது," என்றது பெட்டி, "நம் தீவின் பெருமைமிகு கலங்கரை விளக்கம்."

கண்முன்னே வாழைத்தார்க் குவியலின் உச்சியில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, லாரி கிளீனர் எழுந்து நின்றார்.

"காற்றுக்கும் மழைக்கும் அசையாதது." கிளீனர் அக்குளைச் சொறிந்துகொண்டார். "வழி தவறிய எத்தனையோ கப்பல்களை இது கரை சேர்த்திருக்கிறது."

"அண்ணே, எங்க வண்டியையும் கொஞ்சம் கரை சேத்துடுங்க" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கிளீனருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூட்டம் கூப்பிடுகிறதே என்று வணக்கம் வைத்தார். பெட்டி மேலும் பேசிக்கொண்டே போய், நிஜக் கலங்கரை விளக்கத்தை வண்டி தாண்டியபோது, பயணத்தில் கலந்துகொண்டதற்கு நன்றி சொல்லி ஓய்ந்துவிட்டது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துறைமுகத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. டிக்கெட் ஜன்னலருகே, சாக்கடையோரம், வண்டி நின்றது. நாத்தனார் ஓடி வந்தாள். மேலாளர் எழுந்து நின்றார்.

"பெட்டி வேணுமா, ஆள் வேணுமா? நீங்களே சொல்லுங்க."

"ஆள்தான்" என்று எல்லாக் குரலும் ஒன்றாக வந்தது. அக்காவுக்கு உயிர் வந்தது. அது வந்து உட்காருவதற்குள் தொப்பி அம்மா சேர்த்துச் சொன்னாள்: "ஓட்டுற அண்ணனே பேசட்டும். இப்படி ஒருத்தரை நாங்க எங்கயும் கேட்டதில்ல."

மேலாளரும் தலையை ஆட்டினார். "நானும் அதையேதான் நினைச்சேன். நாளைலேர்ந்து மைக் உங்ககிட்டயே இருக்கட்டும்ங்க."

அக்கா நின்ற இடத்தில் நின்றாள். பீரோ பெட்டியிடம் தோற்றவளுக்கு மாலையாவது போட்டார்கள். சோப்பு டப்பாவை ஜெயித்தாயிற்று; வீட்டுக்காரரிடம் தோற்றால் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? அழுதாலும் "ஹ்" என்றுதான் வரும். நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்து மைக்கை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"முடியாது சார்."

"ஏங்க? நல்லாத்தானே பேசினீங்க?"

"இருந்ததெல்லாம் பேசியாச்சு. காலி." அவர் திரும்பி உட்கார்ந்தார். அந்த இருக்கையில் அவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்ததை அன்றுதான் அக்கா பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவ சொன்னது. இவ சொல்லிட்டே இருந்தா நான் பின்னாடி யோசிச்சிட்டே இருப்பேன். இவ வாயை மூடிட்டா, நான் எதை சார் தப்பாப் புரிஞ்சுக்குவேன்?"

தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, சும்மா பேச்சுக்குச் சொன்னாரா என்று அக்கா அவர் முகத்தைத் தேடினாள். அது எப்போதும்போல் சாலையைப் பார்க்கும் முகமாகவே இருந்தது. மைக்கை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கி மூடினார்.

வண்டியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்படியொரு கைதட்டல். துறைமுகத்துக் கடல்பறவைகள் மொத்தமும் மிரண்டு மேலே எழும்பி, தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தன.

மேலாளர் பெட்டியைத் தூக்கி டிக்கெட் ஜன்னலில் வைத்தார். "கழிப்பறை எந்தப் பக்கம்னு கேக்கிறவங்களுக்கு இது பதில் சொல்லட்டும்" என்றார். "உங்களுக்கு ரெண்டு மைக். ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு உங்களுக்கு. தோணினா பேசுங்க, இல்லேன்னா வேண்டாம்."

குரல் திரும்பிய அன்று, அதைக்கொண்டு அக்கா சொன்ன முதல் வார்த்தை, "ஏங்க, அது ஐஸ் கம்பெனிங்க."

"தெரியும். இப்ப ஐஸ் கம்பெனி" என்றார் அவர், செருப்பைத் தேடிக்கொண்டே. "அப்ப மாளிகை."

"எப்பவுமே ஐஸ் கம்பெனிதான். மாளிகை எதிர்ப்பக்கம். என் சோத்துக்கைப் பக்கம்."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

மேற்கொண்டு வாதாட அவளுக்குக் குரல் இருந்தது, மனசுதான் இல்லை. இப்போதெல்லாம் அந்த வண்டியில் சாலையின் இரண்டு பக்கமும் சரித்திரம் உண்டு. ஒரு பக்கத்தை அக்கா சொல்லுவாள். அவருக்குத் தோன்றினால் மறுபக்கத்தை அவர் சொல்லுவார். பாங்க்கில் கடன் கேட்க நிற்கும் வரிசையைப் பார்த்து ஜனங்கள் இன்னும் கை அசைக்கிறார்கள்.

கடைசி நிறுத்தத்தில் அக்கா அன்றைய மதியத்தின் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. போன வாரமும் சொன்னாள். பெட்டி தோற்றதைச் சொன்னாள். மைக் தன் கைக்குத் திரும்பி வந்ததைச் சொன்னாள். "மேலாளர் உள்பட வண்டி மொத்தமும் எழுந்து நின்னுச்சு. எங்களுக்காகக் கைதட்டினாங்க பாருங்க, கை வலிக்கிற வரைக்கும்."

பயணிகள் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். முன்னாலிருந்து இரண்டாவது மைக் கரகரத்தது.

"எழுந்தது இறங்க" என்றார் ஓட்டுநர். "தட்டினது கொசு."